கரிசல் மண்ணில் செயற்கைப் புல்: விரிக்கும் முன் தோண்டிப் பாருங்கள்

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் கிழக்குப் பக்கம் 20 அடி நீளம், 15 அடி அகலத்தில் காலியிடம் கிடந்தது. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கும் சேறு. கோடை வந்தால் பிள்ளைகளின் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

மே மாதம் பெங்களூரிலிருந்து மகளும் இரண்டு பேரப் பிள்ளைகளும் வருவார்கள். "அப்பா, அந்த இடத்துல செயற்கைப் புல் போட்டுடுங்க. புள்ளைங்க விளையாடட்டும்" என்று மகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். பச்சைப்பசேலென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓய்வூதியப் பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்தார். ஆட்கள் வந்தார்கள். மேலே கிடந்த கல்லைப் பொறுக்கி, வெடிப்பில் மணலைத் தூவி, ஒரு நாளில் புல்லை விரித்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் வந்து ஆடித் தீர்த்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. புல்லின் மேல் கால் வைத்தால் மெத்தைபோல அமுங்கி, விரல் இடுக்கில் கறுப்புத் தண்ணீர் வந்தது. நாலு நாளில் நாற்றம், பிறகு கொசு. அடுத்த சித்திரையில் மண் காய்ந்து பிளந்தபோது புல்லும் அதோடு இறங்கியது. ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் குழி. மேலே பச்சையாக இருந்ததால் குழி கண்ணுக்குத் தெரியவில்லை. காய்ந்த துணி எடுக்கப் போன வீட்டம்மாவின் கால் அதில் மடங்கியது. மூன்று வாரம் கட்டுப் போட்டுக் கிடந்தார்.

பார்க்க வந்த கொத்தனார் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, புல்லு மேல தப்பு இல்ல. இந்த மண்ணு மழைக்கு மூச்ச இழுக்கும், வெயிலுக்கு மூச்ச விடும். அது மேல எதப் போட்டாலும் கூடச் சேந்து ஆடத்தான் செய்யும்."

மண் ஏன் ஆடுகிறது?

கொத்தனார் சொன்ன மூச்சுக்கு ஒரு காரணம் உண்டு. கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அது அப்பளக் கட்டுபோல மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது. தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு நடுவே புகுந்ததும் மண் வீங்குகிறது. தண்ணீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கிறது. ஆண்டுதோறும் இதே கதைதான். வீட்டுச் சுவரையே கீறவைக்கும் மண்ணுக்கு ஒரு புல் விரிப்பு எம்மாத்திரம்?

இன்னொரு குணமும் உண்டு. வெடிப்புகள் மூடிக்கொண்ட பிறகு இந்த மண் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. மணற்பாங்கான நிலம் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். களிமண் உறிஞ்சுவது 1 முதல் 5 மில்லிமீட்டர்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20-க்கு 15 அடி என்பது 300 சதுர அடி, ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு நல்ல மழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால், அந்த முற்றத்தில் மட்டும் 1,400 லிட்டர். அதை மண்ணே குடிக்க வேண்டுமானால் குறைந்தது 10 மணி நேரம், மோசமான மண்ணாக இருந்தால் இரண்டு நாள் ஆகும். வடகிழக்குப் பருவமழையில் அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

புல் விரிப்பின் அடியில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் இறங்கிவிடும் என்று கடையில் சொல்வார்கள். ஓட்டை இருப்பது உண்மைதான். இறங்கிய தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மண்ணைச் சோதிக்க இரண்டு வழி

எல்லா வீட்டிலும் கரிசல் இருப்பதில்லை. ஆனால் களிமண் பல ஊர்களில் உண்டு. செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது கைச் சோதனை. ஒரு கைப்பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாபோலத் தள்ள வேண்டும். உடையாமல் 2 அங்குலத்துக்கு மேல் நீண்டால் அது நல்ல களிமண். மணல் கலந்த மண் அதற்குள் உதிர்ந்துவிடும்.

இரண்டாவது குழிச் சோதனை. ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்ப வேண்டும். முதல் தடவை இறங்கும் வேகத்தை நம்பக் கூடாது. வெடிப்புகள் வழியாக மளமளவென்று போய்விடும். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஸ்கேல் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால், தண்ணீருக்கு வழி செய்யாமல் அங்கே எதையும் விரிக்கக் கூடாது.

பச்சைக்குக் கீழே இருப்பது

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். அங்கே ஹாக்கிக்கென்றே செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. கரிசல் பூமியில் ஹாக்கி மைதானத்துக்குப் போடலாம், வீட்டில் போடக் கூடாதா என்று தபால்காரரும் கேட்டார். போடலாம். ஆனால் இத்தகைய மைதானங்களில் செலவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் கீழேதான் கிடக்கும்: இறுக்கிய ஜல்லி, அதன் மேல் சமமான தளம், ஓரத்தில் வடிகால். புல் விரிப்பு கடைசியில் வருவது.

வீட்டுக்கும் வரிசை அதேதான், அளவுதான் சிறியது. 300 சதுர அடிக்குக் கொத்தனார் சொன்ன முறை இது.

காலம்: தை, மாசி நல்லது. மழை முடிந்து மண்ணில் மிதமான ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் தோண்டினால் சேற்றைத்தான் இறுக்க முடியும். உச்சி கோடையில் தோண்டினால் மண் முழுதும் சுருங்கிக் கிடக்கும். மழை வந்ததும் வீங்கி மேலே உள்ளதைத் தூக்கிவிடும்.

தோண்டுதல்: 9 அங்குல ஆழம். கோரைக் கிழங்கு இருந்தால் ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். விட்ட கிழங்கு விரிப்பையும் துளைத்துக்கொண்டு முளைக்கும்.

வாட்டம்: தோண்டிய தரைக்கே வாட்டம் வேண்டும், மேலே மட்டும் கொடுத்தால் போதாது. 8 அடிக்கு ஓர் அங்குலம் என்பது குறைந்தபட்சம். ஆடுகிற மண்ணில் 5 அடிக்கு ஓர் அங்குலம் கொடுப்பது பாதுகாப்பு. 15 அடி அகலத்துக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும். இறக்கம் எப்போதும் வீட்டைவிட்டு விலகியே போக வேண்டும். டியூபில் தண்ணீர் பிடித்து, நூல் கட்டிப் பார்த்துவிட்டே அடுத்த வேலை.

கிராவல்: 3 அங்குலம். ஈரத்தில் அதிகம் வீங்காத கிராவல் மண்ணைப் போட்டு இறுக்கினால், மேலிருந்து வரும் தண்ணீர் கரிசலுக்குள் இறங்குவது குறையும். வாட்டத்தில் வழிந்து ஓரத்துக்குப் போகும்.

ஜியோ டெக்ஸ்டைல் துணி: கிராவலுக்கும் ஜல்லிக்கும் நடுவே விரிக்கும் கெட்டியான துணி. தண்ணீரை விடும், மண்ணை விடாது. இது இல்லாவிட்டால் இரண்டு மழையில் ஜல்லி கீழே புதையும், சேறு மேலே வரும். பாலித்தீன் ஷீட்டை இதற்குப் பதிலாகப் போடக் கூடாது.

ஜல்லி: 4 அங்குலம், முக்கால் ஜல்லி. 300 சதுர அடிக்கு 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். இறுக்கும்போது அளவு குறையும் என்பதால் கால் பங்கு கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

மேல் அடுக்கு: 2 அங்குலம், கால் ஜல்லியோடு கொஞ்சம் கிரஷர் பவுடர் கலந்து. புல் விரிப்பு உட்காருவது இதன் மேல்தான்.

ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மேலே ஒரே தடவை இயந்திரத்தை ஓட்டினால் அடியில் தளர்வாகவே இருக்கும். பிளேட் காம்பாக்டர் வாடகைக்குக் கிடைக்கும். மூலைகளுக்குப் பழைய திமிசுக் கட்டையே போதும்.

தண்ணீருக்கு ஒரு வாசல்

வாட்டத்தின் தாழ்வான ஓரத்தில் ஓர் அடி ஆழத்துக்கு நீளவாக்கில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். அதில் துணி விரித்து, கொஞ்சம் ஜல்லி போட்டு, 4 அங்குல பிவிசி குழாயைத் துளை போட்டுப் பதித்து, மேலேயும் ஜல்லி நிரப்பித் துணியால் மூட வேண்டும். குழாய்க்கும் வாட்டம் உண்டு. துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

குழாயின் மறுமுனை எங்கே? தெருவில் மழைநீர் வடிகால் இருந்தால் அங்கே விடலாம். முடிவில் ஒரு சின்னத் தொட்டி கட்டி வலை போட்டால் மணலும் உதிர்ந்த புல் இழைகளும் அதில் தங்கும். மாதம் ஒரு தடவை அள்ளிவிடலாம். செப்டிக் டேங்கில் விடக் கூடாது.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் பலர் இந்தத் தண்ணீரையும் அதே குழியில் விட நினைப்பார்கள். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். செயற்கைப் புல் பிளாஸ்டிக். தேய்ந்த இழைகள் தண்ணீரோடு வரும். குடிக்கும் கிணற்றுக்கோ போருக்கோ அதை நேராக விடாமல், மாடித் தண்ணீரை மட்டும் அங்கே அனுப்புவது நல்லது. இரண்டாவது, கரிசல் மண்ணில் அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கும் குழி இருந்தால் ஆபத்து. ஒரு பக்க மண் மட்டும் வீங்கி, சுவர் கீறும்.

வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு, மூன்று அடிக்கு சிமென்ட் தளமோ கல்லோ இருக்கட்டும். புல் அதற்கு வெளியே தொடங்கட்டும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஏற்கெனவே ஓடியிருந்தால், புல்லை மறந்துவிட்டு முதலில் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

விரிக்கும் நாளில்

சுருளைப் பிரித்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் போட்டால் மடிப்பு விடும். இரண்டு துண்டுகளை இணைக்கும்போது இழைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று வெளிர் பச்சையாகவும் மற்றொன்று கரும்பச்சையாகவும் தெரியும். இணைப்புக்கு அடியில் ஒட்டும் நாடா வேண்டும். ஆள் நடமாடும் வழியில் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆணி ஜல்லிப் படுகையில் பிடிக்க வேண்டும். கரிசலில் இறங்கிய ஆணி ஒரு கோடையில் தளர்ந்துவிடும். ஓரத்துக்குச் செங்கல்லோ கர்ப் கல்லோ வைத்து, சில அடிகளுக்கு ஒரு இடைவெளி விட்டால் மண் அசையும்போது உடையாது. கடைசியாக, சலித்த காய்ந்த சிலிக்கா மணலைத் தூவித் துடைப்பத்தால் தேய்த்தால் இழைகள் நிமிர்ந்து நிற்கும், விரிப்பும் எடை பெற்று அசையாமல் கிடக்கும்.

செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்த் தொட்டி மூடி, மின்சார எர்த் குழி ஆகியவற்றின் மேல் விரிக்கக் கூடாது. எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை யாரும் மறக்க வேண்டாம்.

வெயில் சுடும்

நிஜப் புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுக் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக்குக் குளிரத் தெரியாது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-ல் மைதானப் புல்லை அளந்தபோது, காற்று 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை போயிருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இது சின்ன எச்சரிக்கை இல்லை. தண்ணீர் தெளித்தால் சூடு தணியும், ஆனால் சீக்கிரமே திரும்பிவிடும். நடக்கப் பழகும் குழந்தை உள்ள வீட்டில் நண்பகலில் வெறுங்காலோடு விடவே கூடாது. புறங்கையை வைத்துப் பார்த்து, ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் அது விளையாடும் நேரம் இல்லை.

கிழக்குப் பக்கம் ஒரு சௌகரியம் உண்டு. மதியத்துக்குப் பிறகு வீட்டின் நிழலே அங்கே விழும். மேற்கு முற்றத்தில் போடுகிறவர்கள் பந்தலுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

பாதி போதும்

இத்தனையும் கேட்ட தபால்காரர் துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். அடித்தள வேலைச் செலவு, முதலில் புல்லுக்குக் கொடுத்த பணத்தைத் தாண்டியது. "விட்டுரலாமா?" என்றார்.

வீட்டம்மா கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி சொன்னார்: "ஏங்க, முழுசும் எதுக்கு? வேம்புப் பக்கம் மண்ணாவே கிடக்கட்டும். எனக்கு வத்தல் காயப்போட எடம் வேணும். புள்ளைங்களுக்குப் பாதி போதும்."

கொத்தனாருக்கும் அது சரியாகப்பட்டது. "மதினி சொல்றது நல்லது அண்ணாச்சி. மரத்துக்கிட்ட வேரு தண்ணியக் குடிச்சு மண்ணு இன்னும் சுருங்கும். அங்க புல்லப் போட்டா மறுபடி குழி விழும். வேர வெட்டவும் கூடாது."

ஆக, 150 சதுர அடியில் மட்டும் வேலை நடந்தது. தையில் தோண்டி, மாசியில் முடித்தார்கள். பழைய விரிப்பில் கிழியாத பகுதியைக் கழுவி அதையே திரும்பப் போட்டதால் புல்லுக்குப் புதிதாகச் செலவில்லை. மீதி இடத்தில் வேம்பும், அதன் அடியில் வெறும் தரையும். வாசல் எப்போதும்போலக் கோலத்துக்கு.

இரண்டு பேருக்கும் மே மாதத்தைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளைகள் சாயங்காலம் விளையாடினார்கள், போனார்கள். ஐப்பசியைத்தான் பயத்தோடு எதிர்பார்த்தார்கள்.

முதல் பெருமழை இரவு ஒன்பது மணிக்குப் பிடித்தது. அவர் குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். வீட்டம்மா திண்ணையில் நின்று, "என்னாச்சு?" என்று சத்தம் கொடுத்தார். குழாய் வாயில் முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொட்டியது. பிறகு விரல் தடிமனுக்குத் தண்ணீர், கலங்கல் இல்லாமல்.

"வருது!" என்றார்.

கவனத்தில் வைக்க

• பட்ஜெட் போடும்போது அடித்தளம், வடிகால் இரண்டையும் முதலில் எழுதி, புல்லைக் கடைசியில் எழுதுங்கள். பணம் போதாவிட்டால் பரப்பைக் குறையுங்கள், ஆழத்தைக் குறைக்காதீர்கள்.

• வேலையை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: எத்தனை அங்குலம் தோண்டுவீர்கள்? வாட்டம் எந்தப் பக்கம்? தண்ணீர் எங்கே போய் விழும்?

• விரிப்பை ஒட்டும் முன், ஜல்லிப் படுகையில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றிக் குழாயில் வருகிறதா என்று பாருங்கள்.

• நாய் வளர்ப்பவர்கள் அது சிறுநீர் கழிக்கும் இடத்தில் அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

• மழைக்காலத்துக்கு முன் வலைத் தொட்டியை அள்ளிவிடுங்கள். கோடை முடிவில் ஒரு தடவை வெறுங்காலால் மெதுவாக நடந்து பாருங்கள். குழி விழத் தொடங்கினால் கண்ணுக்கு முன் காலுக்குத் தெரியும். அந்த இடத்தை மட்டும் தூக்கி, கால் ஜல்லி நிரப்பி இறுக்கிவிடலாம்.